700 வீடியோ இருக்கிறது, தேடுகிறவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. தளத்தை எப்படி மாற்றி அமைக்கலாம்?

மேக்கணக்கு எழுதியது:

வணக்கம். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நானும் மூன்று நண்பர்களும் ஒன்பது வருடமாக சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் எடுத்த வீடியோக்களை ஒரு தளத்தில் சேர்த்து வருகிறோம். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்ற கூத்துகள், மாரியம்மன் திருவிழாக்கள், தப்பு மேளம் அடிக்கும் பெரியவர்களின் பேட்டிகள், எங்கள் மக்கள் இந்தியாவிலிருந்து வந்து 200 வருடமானதற்காக 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்த நடைபயணத்தில் எடுத்தவை, அப்புறம் சாதாரண தரப் பரீட்சை (தரம் 11) எழுதும் பிள்ளைகளுக்காக எங்கள் ஆசிரியர்கள் நடத்திய கணித, விஞ்ஞானப் பாடங்கள். எல்லாம் சேர்த்து 700ஐத் தாண்டிவிட்டது.

போன வருடம் காசு சேர்த்து ஒரு நிறுவனத்திடம் கொடுத்துத் தளத்தைப் புதிதாகச் செய்தோம். பெரிய சினிமாத் தளங்களைப் போலவே செய்து கொடுத்தார்கள். மேலே தானாக ஓடும் பெரிய படம், கீழே விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும் வரிசைகள், 'நாட்டார் வழக்காற்றியல்', 'வாய்மொழி வரலாறு', 'தேயிலைச் செய்கை முறைகள்' என்று ஒன்பது தலைப்புகள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் யாருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. கவ்வாத்து வெட்டுவது பற்றி மூன்று நல்ல வீடியோ இருக்கிறது, தேடுபெட்டியில் 'கவ்வாத்து' என்று போட்டால் ஒன்றுமில்லை என்று வருகிறது, ஏனென்றால் தலைப்பில் 'தேயிலைச் செடி கத்தரித்தல்' என்று நாங்களே எழுதி வைத்திருக்கிறோம். 'காமன் கூத்து' என்று போட்டால் நாற்பதுக்கு மேல் கொட்டுகிறது, அதில் எது எந்தத் தோட்டத்தில் ஆடியது, எந்த வருடம் என்று தெரியாது. எல்லாவற்றிலும் 'பகுதி 1', 'பகுதி 2' என்றுதான் இருக்கிறது.

இப்போது என்ன நடக்கிறது என்றால், எல்லோரும் எனக்கே வாட்ஸ்அப் போடுகிறார்கள். 'தம்பி, எங்கள் கோயில் தேர் ஓடினதை எடுத்தீங்களே, அந்த லிங்கை அனுப்புங்க.' வேலை முடிந்து வந்து ஒவ்வொரு இரவும் லிங்க் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அனுப்புவதில் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் என் போன் நம்பர் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? எங்கே தொடங்குவது என்று சொல்லுங்கள். நிறமும் படமும் மாற்றினால் சரியாகுமா, இல்லை அடியிலிருந்து மாற்ற வேண்டுமா?

ஊவா நிரலாளர் எழுதியது:

அண்ணா, நான் பதுளை, இப்போது கொழும்பில் வெப் வேலை. நிறத்தைத் தொடாதீர்கள், அதில் பிரச்சினை இல்லை. உங்கள் தளத்தைப் போனில் ஒரு மணித்தியாலம் சுற்றிப் பார்த்தேன்.

முதலில் ஒன்று. பெரிய தளங்களின் முகப்பை அப்படியே எடுத்ததுதான் தவறின் வேர். நெட்ஃபிளிக்ஸின் அதிகாரிகள் இருவர் 2015இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அங்கே வருகிறவர் 60 முதல் 90 விநாடிக்குள், 10 முதல் 20 தலைப்புகளைக் கண்ணால் மேய்ந்துவிட்டு, எதுவும் பிடிக்காவிட்டால் போய்விடுகிறார் என்று அதில் இருக்கிறது. அவர்களிடம் வருகிறவருக்கு 'இன்றைக்கு என்ன பார்க்கலாம்' என்பதுதான் கேள்வி. அதனால்தான் அந்த வரிசைகளும் பரிந்துரைகளும். உங்களிடம் வருகிறவர் அப்படி வரவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு முன்பே தெரியும். அவருக்குப் பெரிய படம் வேண்டாம், தேடுபெட்டி வேண்டும். நீங்கள் அதை ஒரு பூதக்கண்ணாடிப் படத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். முகப்பின் உச்சியில், திறந்தபடி, பெரிதாக வையுங்கள். கையால் தமிழ் எழுத வராத பெரியவர்கள் போன் விசைப்பலகையின் மைக்கைத் தொட்டுப் பேசினாலே எழுத்தாகிவிடும், ஆனால் அதற்குப் பெட்டி கண்ணில் பட வேண்டும்.

அடுத்தது தமிழ்த் தேடல். இதில் பலரும் விழும் குழி ஒன்று இருக்கிறது, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். 'பொகவந்தலாவை' என்ற ஊர்ப் பெயரின் முதல் எழுத்தையே எடுங்கள். 'பொ'வில் உள்ள கொம்பையும் காலையும் யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம், இரண்டு குறிகளாகப் பிரித்தும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு வேறு சொல். இதற்குத் தீர்வு சுலபம், சேமிக்கும்போதும் தேடும்போதும் எழுத்தை என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றினால் போதும், எல்லா நிரல்மொழியிலும் அதற்கு வசதி உண்டு. ஆனால் அது ஒன்றைச் சரிசெய்யாது. 'பௌர்ணமி' என்பதைப் பலர் கொம்புக்குப் பிறகு 'ள' என்ற முழு எழுத்தையே தட்டி 'பெளர்ணமி' என்று எழுதிவிடுகிறார்கள். உங்கள் காமன் கூத்து வீடியோக்களில் பாதியில் அப்படித்தான் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு விதி எழுத வேண்டும்.

பிறகு ஊர்ப் பெயர்கள். ஹட்டன், அட்டன். நுவரெலியா, நுவரேலியா. ஹப்புத்தளை, அப்புத்தளை. எது சரி என்று சண்டை போட வேண்டாம், எல்லாவற்றையும் ஓர் அட்டவணையில் போட்டு, எதை எழுதினாலும் ஒரே இடத்துக்குப் போகும்படி செய்துவிடுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதித் தேடுகிறவர்களும் நிறைய, அந்த எழுத்துக்கூட்டலும் அதே அட்டவணையில் சேரட்டும். 'தோட்டம்', 'தோட்டத்தில்', 'தோட்டத்து' என்று சொல் வளைவதற்கு, தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் என்றால் 2019இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து தமிழ்ச் சொல்லின் விகுதியைக் கழித்துத் தேடும் வசதி உள்ளேயே இருக்கிறது. குறையில்லாதது என்று சொல்ல மாட்டேன், இல்லாததைவிட எவ்வளவோ மேல்.

அந்த மேல்படம் தானாக ஓடுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். 100 ரூபாய் ரீலோட் போட்டுப் பார்க்க வருகிறவரின் டேட்டாவை, அவர் கேட்காத வீடியோவுக்குச் செலவழிக்க நமக்கு உரிமை இல்லை.

தலவாக்கலை டீச்சர் எழுதியது:

தம்பி, பாடங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு உங்கள் தளத்தைச் சொல்லி அனுப்பினேன், இரண்டு பேர்தான் பாடத்தைக் கண்டுபிடித்தார்கள். திருவிழாவும் இருபடிச் சமன்பாடும் ஒரே பக்கத்தில் கலந்து கிடந்தால் பிள்ளை என்ன செய்யும்? பாடங்களுக்குத் தனி வாசல் வையுங்கள். அதற்குள் தரம், பாடம், அலகு, இவ்வளவு போதும். பாடப்புத்தகத்தில் அலகுக்கு என்ன பெயரோ அதே பெயர், எழுத்துப் பிசகாமல். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவர்கள் அலகால் தேட மாட்டார்கள், வினாத்தாள் வருடமும் கேள்வி இலக்கமும் போட்டுத்தான் தேடுவார்கள், அதனால் கடந்தகால வினாத்தாள் வீடியோக்களில் அந்த இரண்டும் தலைப்பிலேயே வரட்டும்.

இன்னொன்று, ஒன்றரை மணித்தியாலப் பாடத்தில் எந்தக் கேள்வி எத்தனையாவது நிமிடத்தில் தொடங்குகிறது என்று கீழே எழுதி, தொட்டால் அங்கே போகும்படி செய்யுங்கள். ஒரு பிள்ளை அந்த ஒரு கேள்விக்காக மலை உச்சிக்குப் போய் சிக்னல் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நான் கண்ணால் பார்த்தது. அவளை முழுப் பாடத்தையும் தள்ளித் தள்ளிப் பார்க்க வைக்காதீர்கள். அந்த நேரங்களை எழுதும் வேலையை எங்களிடம் தாருங்கள், நாங்கள் நான்கு ஆசிரியர்கள் பகிர்ந்து செய்து தருகிறோம்.

அட்டவணைக்காரி எழுதியது:

நான் நூலகத்தில் வேலை செய்கிறேன், கம்பியூட்டர் ஆள் இல்லை. ஆனால் நீங்கள் கேட்பது நூலகத்தின் பழைய கேள்வி.

உங்கள் ஒன்பது தலைப்புகளில் பிழை எங்கே என்றால், ஒவ்வொரு வீடியோவையும் ஒரே ஒரு பெட்டிக்குள் போடச் சொல்கின்றன. காமன் கூத்து ஆடிய ஒரு பெரியவர், ஆடி முடித்தபின் தன் அப்பா கப்பலில் வந்த கதையைச் சொல்கிறார் என்று வையுங்கள். அது கூத்தா, வரலாறா? சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் இதை யோசித்துத்தான் 1933இல் கோலன் பகுப்பு முறையைக் கொண்டுவந்தார். ஒரு நூலை ஒரு பெட்டியில் அடைக்காமல், அதற்கு எத்தனை முகம் இருக்கிறதோ அத்தனையையும் தனித்தனியாகக் குறித்துவிடுவது. அவர் வைத்த ஐந்து முகங்களில் கடைசி இரண்டு இடமும் காலமும். உங்கள் வீடியோக்களில் இல்லாத இரண்டும் அவைதான்! தோட்டம், அதில் எந்த டிவிஷன் (உட்பிரிவு), வருடம், என்ன நிகழ்ச்சி, யார் பேசுகிறார் அல்லது ஆடுகிறார். இந்த ஐந்தை ஒவ்வொரு வீடியோவுக்கும் எழுதிவிட்டால் வகைப் பெயரே இல்லாமலும் தளம் நடக்கும்.

கவ்வாத்து விஷயத்துக்கு எங்களிடம் ஒரு பழைய வழி உண்டு. அட்டை அடுக்கில் 'கத்தரித்தல்' என்ற அட்டையில் ஒரே வரி இருக்கும்: 'கவ்வாத்து காண்க.' சனங்கள் சொல்லும் சொல்லை முதன்மையாக வைத்து, புத்தகச் சொல்லை அதற்கு வழிகாட்டச் செய்வது. நீங்கள் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள். பெரட்டு, முள்ளுக்குத்து, கொழுந்து மடுவம், பேர் போடுவது, இதெல்லாம் தோட்ட வேலையில் நாம் பேசும் சொற்கள். தளத்தின் மெனுவில் நம் சொல் இருந்தால்தான் நம் ஆட்களுக்கு அது தங்கள் வீடு மாதிரி இருக்கும். இதை நான் வெறும் வசதிக்காகச் சொல்லவில்லை. 'நாட்டார் வழக்காற்றியல்' என்று எழுதிய கதவைத் தட்ட என் அம்மாவுக்குக் கூச்சம் வரும், அந்தக் கூத்தை அவருக்கு முழுக்கத் தெரிந்திருந்தும்.

அந்தச் சொற்களை எங்கே எடுப்பது என்று கேட்பீர்கள். உங்கள் வாட்ஸ்அப்பில்தான் இருக்கின்றன. கேட்டவர்கள் என்ன வார்த்தையில் கேட்டார்கள் என்று கடைசி மூன்று மாதத்தை உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். அதைவிட நல்ல ஆய்வு கிடையாது.

கூடலூர் பேரன் எழுதியது:

அண்ணே, நான் நீலகிரி, கூடலூர். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பக் கணக்குப் போட்டார்களே 5,25,000 பேர், அந்தக் கணக்கில் வந்த குடும்பம் எங்களுடையது. பாட்டி தலைமன்னாரில் கப்பலேறி வந்து, இங்கே அரசு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். போன மாசம் உங்கள் தளத்தில் மூன்று நாள் தேடினேன். பாட்டி பிறந்த தோட்டத்துக் கூத்து ஏதாவது இருக்கிறதா என்று. ஒன்றும் வரவில்லை.

எனக்குத் தெரிந்தது பாட்டி வாயால் சொன்ன தமிழ்ப் பெயர் மட்டும். உங்கள் தளத்தில் எல்லாத் தோட்டமும் தோட்டத்துப் பெயர்ப்பலகையில் உள்ள இங்கிலீஷ் பெயரில் இருக்கிறது. பாட்டிக்கு அந்தப் பெயர் தெரியவே தெரியாது. மேலே எழுதியவர் ஊர்ப் பெயர் எழுத்துக்கூட்டல் பற்றிச் சொன்னார், அது மட்டும் போதாது. ஒரே தோட்டத்துக்கு முழுக்க வேறான இரண்டு பெயர் இருக்கிறது. எங்களைப் போல இந்தப் பக்கம் வந்தவர்களிடம் மிச்சம் இருப்பது அந்த வாய்ப் பெயர்தான்.

ஊவா நிரலாளர் எழுதியது:

இதை நான் யோசிக்கவே இல்லை. இது எழுத்துக்கூட்டலைவிட முக்கியம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு பக்கம் திறந்து, பலகைப் பெயர், வாய்ப் பெயர், டிவிஷன் பெயர்கள் எல்லாவற்றையும் அதிலே எழுதி, அந்தத் தோட்டத்து வீடியோக்கள் அத்தனையையும் கீழே அடுக்கிவிடலாம். கூகிளில் வாய்ப் பெயரைத் தட்டுகிறவரும் அங்கே வந்து சேர்வார். இப்போது உங்கள் வீடியோக்கள் ஒரே பக்கத்தில் மேலெழும்பும் சன்னலாகத் திறக்கின்றன, தனி முகவரி கிடையாது, அதனால்தான் கூகிளுக்கு அவை கண்ணில் படவில்லை. ஒவ்வொரு வீடியோவுக்கும் நிரந்தரமான தனி முகவரி வேண்டும், கூடவே தலைப்பு, விபரம், கால அளவு, சிறுபடம் ஆகியவற்றை தேடுபொறிகள் படிக்கும் வீடியோஆப்ஜெக்ட் என்ற குறிப்பு முறையில் பக்கத்துக்குள் எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் லிங்க் போட்டால் படமும் தோட்டத்தின் பெயரும் தெரிய அதற்குரிய குறிப்பும் சேரட்டும், நம் ஆட்கள் தளத்துக்கு வரும் முக்கிய வழி அதுதான்.

யாராவது பரிந்துரைக் கருவி போடச் சொன்னால் வேண்டாம் என்பேன். ஆயிரக்கணக்கான பேர் பார்த்த பழக்கத்திலிருந்துதான் அது கற்றுக்கொள்ளும், நம்மிடம் அவ்வளவு பார்வை இல்லை. வீடியோவுக்குக் கீழே 'இதே தோட்டத்தில்', 'இதே நிகழ்ச்சி வேறு தோட்டங்களில்' என்று இரண்டு வரிசை போதும்.

மேக்கணக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன், சும்மா இருக்கவில்லை.

அக்கா சொன்னபடி வாட்ஸ்அப்பைத் தோண்டினேன். மூன்று மாதத்தில் 112 பேர் கேட்டிருக்கிறார்கள். 80க்கு மேல் தோட்டத்தின் அல்லது டிவிஷனின் பெயரோடு கேட்டது. மிச்சத்தில் பெரும்பாலும் ஆளின் பெயர், 'எங்க மாமா தப்பு அடிச்சது' என்கிற மாதிரி. எங்கள் ஒன்பது தலைப்பில் ஒன்றைக்கூட ஒருவரும் சொல்லவில்லை. அதைப் பார்த்தபோது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, அந்தத் தலைப்புகளை இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்து வைத்தது நான்.

அப்புறம் பழைய கலண்டர் தாள்களை வெட்டி, தாளுக்கு ஒரு வீடியோ என்று 50 வீடியோவின் பெயரை எழுதி, எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) திண்ணையில் பரப்பி, உங்களுக்குத் தோன்றியபடி சேர்த்து வையுங்கள் என்று கேட்டேன். ஐந்து பேரிடம் பார்த்தாலே பெரும்பாலான கோளாறு தெரிந்துவிடும் என்று ஜேகப் நீல்சன் 2000இல் எழுதியிருந்ததை எங்கோ படித்திருந்தேன். அது தளத்தைப் பயன்படுத்திப் பார்க்கும் சோதனைக்குச் சொன்னது, ஆனாலும் எனக்குத் தைரியம் தந்தது, ஆறு பேரைக் கூப்பிட்டேன். கோயில் கமிட்டியில் ஒருவர், கொழுந்து எடுக்கும் இரண்டு அக்காமார், என் ஆச்சி, தரம் 11 படிக்கும் இரண்டு பிள்ளைகள். பெரியவர்கள் நான்கு பேரும் தோட்டம் தோட்டமாகத்தான் அடுக்கினார்கள். பிள்ளைகள் பாடத்தை முதலில் பிரித்து ஓரமாக வைத்துவிட்டு, மீதியை நிகழ்ச்சிவாரியாக அடுக்கினார்கள். ஆச்சி மட்டும் நான் நினைக்காத ஒன்றைச் செய்தார். எட்டுத் தாளை எடுத்துத் தனியாக வைத்து, 'இவங்கள்லாம் இப்ப இல்ல' என்றார். அந்த எட்டு வீடியோவில் பேசியவர்கள் எல்லோரும் இறந்துவிட்டார்கள்.

அதனால் முகப்பில் இப்போது மூன்று வாசல்தான் வைக்கப்போகிறோம்: தோட்டங்கள், கூத்தும் திருவிழாவும், பாடங்கள். தேடுபெட்டி உச்சியில். ஆட்களுக்கும் ஒரு பக்கம் உண்டு, ஆனால் உயிரோடு இருப்பவர்களிடமும், இல்லாதவர்களின் வீட்டாரிடமும் கேட்டுவிட்டுத்தான் பெயர் போடுவோம். பொகவந்தலாவைக் கதையை நண்பர் பார்த்துச் சரிசெய்துவிட்டார், அதில் மட்டும் 60க்கு மேல் வீடியோ தேடலில் திரும்பக் கிடைத்தன. மேல்படத்தை எடுத்தாயிற்று. டீச்சர், நேரக் குறிப்பு எழுத 38 பாடங்களின் பட்டியலை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

கூடலூர்த் தம்பிக்கு: பாட்டி சொன்ன பெயரை எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். அது தனித் தோட்டமாக இருந்து, பிறகு பக்கத்துத் தோட்டத்தோடு சேர்க்கப்பட்டு, இப்போது அதன் ஒரு டிவிஷன். பலகையில் அந்தப் பெயரே இல்லை. எங்களிடம் அங்கே 2018 மாசியில் எடுத்த கூத்து ஒன்று இருக்கிறது, லிங்க் உங்களுக்குத் தனியாக வரும். டேட்டா குறைவாகப் போக, 360பி தரத்தில் தொடங்கும்படி வைத்திருக்கிறேன்.

கூடலூர் பேரன் எழுதியது:

வந்தது அண்ணே. நேற்று ராத்திரி பாட்டியிடம் போட்டுக் காட்டினேன். கூத்தை விட்டுவிட்டு, பின்னால் தெரிந்த கோயிலையும் அந்த ஆலமரத்தையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பத் திரும்ப நிறுத்தச் சொன்னார். இங்கே எங்கள் லைனில் இன்னும் பத்துப் பதினைந்து பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் எந்தத் தோட்டம் என்று வாய்ப் பெயரைக் கேட்டு எழுதி அனுப்பட்டுமா?

மேக்கணக்கு எழுதியது:

கட்டாயம் அனுப்புங்கள் தம்பி. இதைப் படிக்கிற மற்றவர்களும் அனுப்புங்கள். கங்காணியின் பெயரால் கூப்பிட்டாலும் சரி, பழைய துரையின் பெயரோ ஆற்றின் பெயரோ ஆனாலும் சரி, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எப்படிச் சொல்வார்களோ அப்படியே, திருத்தாமல் எழுதுங்கள். பக்கத்தில் உள்ள டவுன் எது என்று மட்டும் சேர்த்துவிடுங்கள், மீதியை நாங்கள் விசாரித்துக்கொள்கிறோம். இதுவரை 43 தோட்டத்துக்கு இரண்டு பெயரும் கிடைத்துவிட்டது. மஸ்கெலியா, டயகம, இராகலைப் பக்கம்தான் இன்னும் வெறுமையாக இருக்கிறது.